போனஸ் வந்திருக்கிறது, வீட்டுக் கடனில் போடலாமா?

கேள்வி: ஹொரமாவில் ஃபிளாட் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. 50 லட்சம் கடன், 20 வருடம், வட்டி 8.5 சதவீதம், மாதம் 43,391 ரூபாய் இ.எம்.ஐ. கணவருக்கு ஐ.டி. வேலை. அவருடைய போனஸும் ஊரில் நிலம் விற்றதில் என் பங்கும் சேர்ந்து 5 லட்சம் கையில் இருக்கிறது. கடனில் கட்டிவிடலாம் என்கிறேன் நான். மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் அதிகம் வரும், கடனைக் குறைத்தால் வரிச் சலுகை போய்விடும் என்கிறார் அவர். தருமபுரியில் இருக்கும் மாமனாரோ நகையை அடகு வைத்தாவது கடனை அடையுங்கள் என்கிறார். யார் சொல்வது சரி சார்?
- வாசகி, பெங்களூரு

பதில்: நீங்கள் சொல்வதுதான், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மாமனார் யோசனையை முதலில் ஒதுக்கிவிடலாம், நகைக் கடன் வட்டி பெரும்பாலும் வீட்டுக் கடன் வட்டியைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

கடன் ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பாருங்கள். முதல் மாதத் தவணையில் 35,417 ரூபாய் வட்டிக்கே போயிருக்கும், அசலில் கழிந்தது வெறும் 7,974. வட்டி மாறாமல் இருந்ததாக வைத்துக்கொண்டால் 48 தவணைகளில் 20.8 லட்சம் கட்டியும் அசல் பாக்கி இன்னும் 45.46 லட்சம். வயிறு எரியத்தான் செய்யும், ஆனால் ஆரம்ப வருடங்களில் எல்லாருக்கும் இதுதான் நிலைமை. கூடுதலாகக் கட்டுவதாக இருந்தால் இப்போதே கட்டுங்கள் என்று சொல்வதும் அதனால்தான், பதினைந்தாவது வருடத்தில் கட்டினால் மிச்சமாகும் வட்டி சொற்பம்.

5 லட்சத்தைக் கட்டியதும் இ.எம்.ஐ.-யைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா என்று ஒரு கேள்வி வரும் (சில இடங்களில் கேட்கவே மாட்டார்கள், அவர்களே ஒன்றைப் போட்டுவிடுவார்கள்). இ.எம்.ஐ.-யைக் குறைத்தால் மாதம் சுமார் 4,770 ரூபாய் கையில் மிஞ்சும், மொத்த வட்டியில் மிச்சம் நாலே கால் லட்சம்கூட வராது. அதே 43,391-ஐக் கட்டிக்கொண்டே காலத்தைக் குறைத்தால் பாக்கி 192 மாதம் 153 ஆகிவிடும், மிச்சம் கிட்டத்தட்ட 11.9 லட்சம். பணம் அதே 5 லட்சம்தான், படிவத்தில் டிக் போடும் இடம் மட்டும் வேறு! எழுத்தில் கொடுத்து, புதிய தவணை அட்டவணையைக் கையோடு வாங்கி, கடைசித் தவணை எந்த மாதம் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பதினைந்து வருடத்தில் பங்குச் சந்தை 8.5-ஐத் தாண்டலாம், ஆனால் யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். கடனில் மிச்சமாகும் 8.5 உறுதியானது, அதற்கு வரியும் கிடையாது. நடந்துகொண்டிருக்கும் எஸ்.ஐ.பி.-யை (மாதா மாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடும் தொகை) நிறுத்த வேண்டாம், சம்பள உயர்வு வரும்போது அதில் கூட்டிக்கொள்ளட்டும். வரி விஷயம் வீண் பயம். வருமான வரியின் பழைய முறையில் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவு வருடத்துக்கு 2 லட்சம்தான், 5 லட்சம் கட்டிய பிறகும் உங்கள் வருட வட்டி 3 லட்சத்துக்கு மேல் இருக்கும். இருவரும் பிரித்துக் கோருகிறீர்கள் என்றால் சலுகை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். புதிய முறையில் இருந்தால் அந்தக் கழிவே கிடையாது.

சரி, நிபந்தனைக்கு வருகிறேன். ஐ.டி. வேலையை நம்பியிருக்கும் வீட்டில் ஆறு மாதச் செலவு தனியாக இருந்தே ஆக வேண்டும். இ.எம்.ஐ., ஸ்கூல் ஃபீஸ், மெயின்டனன்ஸ், கோடையில் டேங்கர் தண்ணீர் எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்படி ஒன்றும் இல்லை என்றால் இந்த 5 லட்சமே அதற்குத்தான், பேங்க் பக்கம் போகாதீர்கள். கிரெடிட் கார்டு பாக்கியோ பர்சனல் லோனோ இருந்தால் அதை முதலில் அடையுங்கள்.

இன்னொன்று, 8.5 என்பதே உறுத்துகிறது. 2025-இல் ரெப்போ (பேங்குகளுக்குக் கொடுக்கும் கடனுக்கு ரிசர்வ் வங்கி வாங்கும் வட்டி) 6.5-லிருந்து 5.25-க்கு இறங்கியது. ரெப்போவோடு இணைந்த பேங்க் கடன் என்றால் உங்கள் வட்டியும் தானாக இறங்கியிருக்க வேண்டும், வீட்டுக் கடன் நிறுவனம் என்றால் பல சமயம் கேட்டால்தான் இறக்குவார்கள். 5 லட்சத்தைக் கொடுப்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

கேள்வி: மாதா மாதம் 5,000 சேர்த்துக் கட்டினால் அபராதம் போடுவார்களா?
- வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி

பதில்: மாறும் வட்டிக் கடன் என்றால் போடக் கூடாது, 2012-லேயே ரிசர்வ் வங்கி பேங்குகளுக்கு உத்தரவு போட்டுவிட்டது. நிலையான வட்டி என்றால் ஒப்பந்தத்தைப் பாருங்கள். கட்டும்போது இது அசலுக்கு என்று குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாக வைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. சில இடங்களில் குறைந்தபட்சத் தொகை இருக்கும், அப்போது சேர்த்துவைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் கடன் முழுதாக முடிகிறது. என்னென்ன வாங்க வேண்டும்?
- வாசகர், கே.ஆர். புரம்

பதில்: மூலப்பத்திரங்கள், பாக்கி இல்லை என்ற கடிதம், மீதி செக்குகள். முழுதாகக் கட்டிய 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், பேங்க் தரப்பில் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் விதி. பத்திரங்களைப் பக்கம் பக்கமாகச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் சில வாரம் கழித்து ஈ.சி. (வில்லங்கச் சான்று) எடுத்துப் பாருங்கள், அடமானம் பதிவாகியிருந்தால் அது நீங்கிய விவரமும் அதில் ஏறியிருக்க வேண்டும்.