காசு கொடுத்தது நீங்கள், சாவி அவர்களிடம்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, ஏற்கெனவே பதில் சொல்லி அலுத்தவை. அவற்றுக்கு ஒரு வரிதான்.

கே: கூகுளில் கிடைத்த படத்தை, கீழே ‘நன்றி: கூகுள்’ என்று போட்டுப் பயன்படுத்தலாமா?

ப: கூடாது. கூகுள் தேடிக் கொடுத்தது, அவ்வளவுதான். எடுத்தவர் வேறு யாரோ. அவர் பெயரையே போட்டு நன்றி சொன்னாலும் நன்றி வேறு, அனுமதி வேறு. ‘படத்தில் பதிப்புரிமைக் குறி எதுவும் இல்லையே’ என்று அடுத்த கடிதம் வரும் என்பதால் அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: குறி தேவையில்லை. பதிப்புரிமைக்காக நாடுகள் சேர்ந்து போட்ட பெர்ன் ஒப்பந்தத்தில் அந்தச் சடங்கை 1908-லேயே எடுத்துவிட்டார்கள்.

கே: 30 விநாடிக்குள் என்றால் எந்தப் பாட்டையும் வீடியோவில் சேர்க்கலாமாமே?

ப: அது வதந்தி. 2007-ல் அமெரிக்காவில் ஒரு தாய் தன் குழந்தை ஆடுவதை 29 விநாடி வீடியோவாகப் போட்டார். பின்னணியில் ஏதோ பாட்டு, காதில் விழுந்தும் விழாமலும். பாட்டின் உரிமையாளர் அதையே நீக்க வைத்தார். நீக்கச் சொல்வதற்கு முன் அது நியாயமான பயன்பாடா (அனுமதி கேட்காமலே சட்டம் விட்டுக்கொடுக்கும் பயன்பாடா) என்று உரிமையாளர் யோசித்திருக்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்வதற்குள் 2015 ஆகிவிட்டது. குழந்தை அதற்குள் பள்ளிக்கூடமே போயிருக்கும்.

கே: ‘என் படங்களைப் பயன்படுத்த ஃபேஸ்புக்குக்கு அனுமதி இல்லை’ என்று பதிவு போட்டால் செல்லுமா?

ப: செல்லாது. கணக்குத் தொடங்கிய அன்று ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தியது யார்?

கே: எழுத்தாளர் இறந்து எத்தனை வருடம் கழித்து அவர் நூலை இணையத்தில் ஏற்றலாம்?

ப: எந்த நாடு என்று எழுதவில்லை. நாட்டைச் சொல்லாமல் சட்டக் கேள்வி அனுப்பாதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது? பெர்ன் ஒப்பந்தத்தின் குறைந்தபட்சக் கணக்கு இறப்புக்குப் பின் 50 வருடம். பல நாடுகளில் 70, மெக்சிகோவில் 100. மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளருக்குத் தனிக் கணக்கு.

கே: விலை கொடுத்து வாங்கிய மின்நூல் என் கருவியிலிருந்து காணாமல் போய்விட்டது. இது திருட்டு இல்லையா?

ப: எனக்கும் அந்தச் சொல்தான் வாயில் வருகிறது. சட்டம் ஒத்துக்கொள்ளாது. நீங்கள் வாங்கியது நூல் அல்ல, அதைப் படிக்க ஓர் உரிமம். பட்டனில் மட்டும் பெரிதாக ‘வாங்கு’ என்று இருக்கும். மீதி விஷயம் யாரும் படிக்காத நிபந்தனைகளுக்குள் புதைந்திருக்கும்.

2009-ல் அமேசான் தன் வாடிக்கையாளர்களின் கிண்டில் என்ற மின்நூல் கருவிகளிலிருந்து எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நூல்களை, தொலைவில் இருந்தபடியே அழித்தது. விற்ற பதிப்பாளருக்கு விற்கும் உரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்ப வந்தது, மன்னிப்பும் வந்தது. அழிந்த நூல்களில் ஒன்று ‘1984’: வேண்டாத எழுத்தையெல்லாம் அரசு அழித்துக்கொண்டே இருக்கும் கதை! அப்புறம் 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியது. அங்கேயும் பணம் திரும்பியது, நூல்கள் திறக்காமல் போயின.

எனக்கும் ஒரு பங்கு உண்டு. ஓர் அகராதி வாங்கினேன், நல்ல விலை. சில வருடத்தில் கடை மூடிவிட்டது. கோப்பு இன்றும் என் கணினியில் முழுசாக இருக்கிறது. திறந்தால் ஒரு சின்ன வட்டம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசியில் ‘உரிமத்தைச் சரிபார்க்க முடியவில்லை’ என்று வரும். சரிபார்க்கும் சர்வரே போய்ச் சேர்ந்துவிட்டது, எப்படி முடியும்? அதே அகராதியின் பழைய அச்சுப் பிரதி முதுகு பிய்ந்து அலமாரியில் கிடக்கிறது. அதைப் புரட்ட யாரையும் கேட்க வேண்டியதில்லை.

சரி, உரிமம் இல்லாமல் கோப்பைத் திறக்க விடாத அந்த மென்பொருள் பூட்டை உடைத்துவிடலாமே என்பீர்கள். என் எரிச்சலே அங்கேதான். வைப்போ என்ற ஐ.நா. அறிவுசார் சொத்து அமைப்பின் 1996 ஒப்பந்தமும், அதையொட்டி 1998-ல் வந்த டிஎம்சிஏ என்ற அமெரிக்க டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டமும் நூலோடு நிற்காமல் பூட்டுக்கும் காவல் போட்டன. சொந்தப் பிரதியின் பூட்டைத் திறப்பதும் அங்கே குற்றமாகலாம். பார்வையற்றவர் மின்நூலைக் கணினி வாசிக்கக் கேட்பதற்குக்கூட விதிவிலக்கு கேட்டு வாங்கி, 3 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். திருட்டுப் பிரதி வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவருடையதில்தான் பூட்டே இல்லையே.

கலிஃபோர்னியாவில் 2025 முதல், இது வெறும் உரிமம் என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று போடக் கூடாது. பலகையை மாற்றியிருக்கிறார்கள், பூட்டு அப்படியே இருக்கிறது. பூட்டு மாட்டாமல் விற்கும் பதிப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்குங்கள், வாங்கியதைத் தனியாக ஒரு நகல் எடுத்து வையுங்கள். நகல், நகல் என்று நான் கத்துவது இதற்குத்தான்.

கே: உலாவியின் இன்காக்னிட்டோவில் (வரலாறு சேமிக்காத சாளரத்தில்) பார்த்தால் யாருக்கும் தெரியாதுதானே?

ப: உங்கள் கணினியை அப்புறம் திறப்பவருக்குத் தெரியாது. இணைப்புக் கொடுப்பவருக்கும் நீங்கள் போன தளத்துக்கும் தெரியும்.

கே: என் வாட்ஸ்அப் செய்திகளை நிறுவனம் படிக்க முடியுமா?

ப: போகும் வழியில் முடியாது, மறையாக்கம் உண்டு: அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாருக்கும் படிக்க வராது. பேக்கப்புக்கு அதே பூட்டுப் போடும் வசதி 2021-ல்தான் வந்தது, அதையும் நீங்களே அமைப்புகளில் போய் இயக்க வேண்டும். ஆனால் யாரோடு, எப்போது, எத்தனை முறை என்பது மறையாக்கத்துக்கு வெளியே நிற்கிறது. ஊழல் செய்தி வெளியாவதற்கு முந்தைய நாள் ஓர் அரசு ஊழியர் நிருபரை 6 முறை அழைத்தார் என்பது தெரிந்தால் போதாதா? என்ன பேசினார் என்று யாருக்கு வேண்டும்?

கே: என்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

ப: உங்கள் போனில் யார் யார் எண் இருக்கிறதோ அந்த 400 பேரையும் கேட்டுவிட்டீர்களா?

கே: என்னைப் பற்றிய பழைய செய்தியை இணையத்திலிருந்து நீக்க வைக்கலாமா?

ப: மறுபடியும் நாடு இல்லை! ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 தீர்ப்புக்குப் பிறகு, உங்கள் பெயரைத் தேடினால் அது வராமல் செய்யும்படி தேடுபொறியிடம் கேட்கலாம். கேட்டதெல்லாம் கிடைக்காது, கிடைத்தாலும் செய்தி அதன் இடத்திலேயே இருக்கும். வழக்குக்கு ஓடும் முன் ஒரு கணம் யோசியுங்கள். 2003-ல் அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்டிரைசாண்ட் தன் வீடு தெரியும் ஒரு படத்தை எதிர்த்து வழக்குப் போட்டார். அதுவரை அதை இறக்கிப் பார்த்தது 6 முறை. வழக்குச் செய்தி பரவியதும் ஒரே மாதத்தில் 4 லட்சம் பேர் அந்தத் தளத்துக்குப் போனார்கள்.

கே: ஆவணத்தில் எண்களைக் கறுப்பு அடித்து அனுப்பினால் பாதுகாப்பா? மாதிரி இணைத்திருக்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

ப: போனில் இருக்கும் மார்க்கர் பல நேரம் முழுக் கறுப்பு அல்ல. பிடிஎஃப்பில் கறுப்புக் கட்டம் வைத்தால் அடியில் எழுத்து அப்படியே கிடக்கலாம். தேர்ந்தெடுத்து காப்பி செய்தால் வந்துவிடும். 2023-ல் கூகுளின் பிக்சல் போன்களில் ஒரு பிழை வெளியே வந்தது: படத்திலிருந்து வெட்டி எறிந்த பகுதி கோப்புக்குள்ளேயே தங்கியிருந்தது. உங்கள் மாதிரியின் பிரகாசத்தைக் கூட்டிப் பார்த்தேன். கணக்கு எண்ணும் பிறந்த தேதியும் பளிச்சென்று தெரிகின்றன. மின்னஞ்சலை அழித்துவிட்டேன். இதே படத்தை வேறு யாருக்கெல்லாம் அனுப்பினீர்கள்?