செந்தூல் அக்கா பதில்கள்: எப்போ எழுந்து போகலாம்?

*அக்கா, நம்ம மலேசியா தியேட்டர்களில் தமிழ்ப் படத்துக்கு இடைவேளை விடுவதே இல்லை. எனக்குச் சர்க்கரை வியாதி, மூன்று மணி நேரம் தாங்காது. எப்போது எழுந்து போனால் கதை விட்டுப்போகாது?*
*— வாசகர், கிள்ளான்*

ஐயா, இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்தேன். திரையில் 'இடைவேளை' என்று எழுத்து வரும். பக்கத்து சீட் பையன் போனை எடுத்து மணி பார்ப்பதற்குள் அடுத்த காட்சி ஓடிக்கொண்டிருக்கும். தமிழ்நாட்டில் அந்த எழுத்து வந்தால் விளக்கைப் போடுவார்கள், ஜனம் சமோசா வாங்கப் போகும். டைரக்டரும் அதை மனதில் வைத்துத்தான் எழுதுகிறார். முதல் பாதி முடிகிற இடத்தில் பெரிய அடிதடி, இல்லையென்றால் ஒரு திருப்பம். ஜனம் வெளியே நின்று "செம இன்டர்வல்" என்று பேசி, சூடாகத் திரும்பி வரும். அந்தச் சூட்டை நம்பித்தான் இரண்டாம் பாதியை மெதுவாகத் தொடங்குகிறார். நமக்கு அந்தப் பேச்சும் இல்லை, சமோசாவும் இல்லை. அடிதடி முடிந்த கையோடு பழைய கதை, அம்மா பாசம், சோகப் பாட்டு என்று மாட்டிக்கொள்கிறோம். "செகண்ட் ஹாஃப் இழுவை" என்று நாம் சென்னைக்காரர்களைவிட அதிகம் சொல்வது இதனால்தான் என்பது என் கட்சி.

உங்களுக்கு வழி: அந்த எழுத்து வந்ததும் ஓடாதீர்கள், அப்போது எல்லோரும் எழுந்து கதவில் முட்டிக்கொள்வார்கள். அடுத்த பாட்டுக்குக் காத்திருங்கள். பெரிய நடிகர் படம் என்றால் நிச்சயம் வரும். 2024இல் வந்த 'மகாராஜா' மாதிரிப் படத்துக்கு மட்டும் இந்த வழி உதவாது. வீட்டுக் குப்பைத் தொட்டி 'லட்சுமி'யைக் காணோம் என்று போலீசுக்குப் போகிறவர் கதை. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதே கடைசியில்தான் பிடிபடும். ஐந்து நிமிஷம் வெளியே போய்விட்டு வந்தால் பக்கத்தில் இருப்பவரைத்தான் தொந்தரவு செய்ய வேண்டும்.

*'கூலி' பற்றி உங்கள் கருத்து? என் வீட்டில் இரண்டு கட்சி.*
*— வாசகி, பத்துமலை*

எந்தக் கட்சி ஆண்கள் கட்சி என்று கேட்க மாட்டேன். ரஜினி நடிக்க வந்து 50 வருஷம் ஆன 2025 ஆகஸ்ட்டில் வந்த படம், கிட்டத்தட்ட 2 மணி 50 நிமிஷம். ரஜினி வரும்போதெல்லாம் விசில் அடிப்பதற்கு ஆள் இருந்தது, நானும் கை தட்டினேன், அதில் வெட்கம் இல்லை. ஆனால் எனக்கு வயிற்றைக் கலக்கியது சௌபின் சாகிர்தான். 'மோனிகா' பாட்டில் பூஜா ஹெக்டே பக்கத்தில் அப்படி ஆடிவிட்டு, அடுத்த காட்சிகளில் அதே முகத்தோடு கொலை செய்கிறார். அவரையே முக்கிய வில்லனாக விட்டிருந்தால் படம் நின்றிருக்கும். அவருக்கு மேல் நாகார்ஜுனா, அதற்கும் மேல் கடைசியில் ஆமிர் கான். இலை எடுத்த பிறகு பாயசம் கொண்டு வந்து நிற்கிற மாதிரி இருந்தது. லோகேஷ் கனகராஜுக்கு நடிகர்களை அழைக்கத் தெரிகிறது, உட்கார வைக்க இடம் தெரியவில்லை.

*'மெய்யழகன்' ரொம்ப நீளம் என்று என் மகன் பாதியிலேயே தூங்கிவிட்டான். எனக்கு அழுகை. யார் சரி?*
*— வாசகி, ஷா ஆலாம்*

நீங்கள். உங்கள் மகன் சின்ன வயதில் எந்த வீட்டையும் காலி செய்துவிட்டு வரவில்லை.

கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். 2024 செப்டம்பரில் வந்தபோது 177 நிமிஷம். நீளம் என்று புகார் வந்ததும், ஓடிக்கொண்டிருந்த படத்திலேயே 18 நிமிஷம் போல வெட்டினார்கள். எனக்கு அந்த வெட்டு பிடிக்கவில்லை. சண்டை இல்லை, வில்லன் இல்லை. ஒரு ராத்திரி, இரண்டு ஆம்பிளைகள், பேச்சு. இதில் எதை வெட்டினாலும் பேச்சைத்தான் வெட்ட வேண்டும். சின்ன வயதில் தஞ்சாவூர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன அரவிந்த்சாமி, வருஷக்கணக்காக எட்டிப் பார்க்காத ஊர்ப்பக்கம், நீடாமங்கலத்துக்கு, தங்கை முறைப் பெண்ணின் கல்யாணத்துக்கு வருகிறார். மணமேடையில் அவளுக்குக் கொண்டு வந்த நகைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறார். அவசரமே இல்லை. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலை அவருக்கும் இல்லை, டைரக்டர் பிரேம்குமாருக்கும் இல்லை. கொலிசியம் தியேட்டரில் என் முன் வரிசையில் ஒரு பெரியவர், ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவராக இருக்க வேண்டும், கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இந்தப் படத்துக்கு இடைவேளை தேவைப்படவில்லை. எழுத்து வந்ததையே பலர் கவனிக்கவில்லை.

*கங்குவா பார்த்த பிறகு என் காதில் இன்னும் ரீங்காரம்.*
*— வாசகர், ரவாங்*

தயாரிப்பாளரே தியேட்டர்காரர்களிடம் சத்தத்தை இரண்டு புள்ளி குறைக்கச் சொன்ன படம் அது. பஞ்சு வையுங்கள்.

*நாங்கள் யாழ்ப்பாணத்துப் பரம்பரை, பாட்டன் ரயில்வே கிளார்க்காக வந்தவர். 'டூரிஸ்ட் ஃபேமிலி'யில் பேசியது எங்கள் பேச்சு மாதிரி இருந்ததா, நீங்கள் சொல்லுங்கள்.*
*— வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்*

நான் தஞ்சாவூர்ப் பக்கம், அதனால் ஸ்காட் ரோடு கந்தசாமி கோயிலில் எனக்குப் பழக்கமான அம்மாக்களிடம் கேட்டுவிட்டேன். தீர்ப்பு: சின்னப் பையனுக்கு நல்ல மார்க், சசிகுமாருக்கு "பாவம், முயற்சி செய்கிறார்", சிம்ரனைப் பற்றிப் பேச வந்தவர்கள் பேச்சை விட்டுவிட்டு அவர் அன்றும் இன்றும் எப்படி இருக்கிறார் என்று போய்விட்டார்கள். 2025 மே மாதம் வந்த படம், அபிஷன் ஜீவிந்துக்கு முதல் படம், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். இலங்கையிலிருந்து படகில் வந்த குடும்பம் யாரிடமும் அதிகம் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டு, தெருவில் போகிறவர்களிடமெல்லாம் பேசிப் பழகிவிடுகிறது. எல்லோரும் இவ்வளவு நல்லவர்களா என்று எனக்கும் கேள்வி வந்தது. ஆனால் தெருவில் ஓர் அம்மா இறந்து போகிறாரே, அந்தச் சாவு வீட்டில் யார் முன்னால் நின்று காரியம் பார்க்கிறார் என்று காட்டிய இடத்தில் கேள்வியை விட்டுவிட்டேன்.

*கோலாலம்பூரைச் சரியாகக் காட்டிய தமிழ்ப் படம் எது?*
*— கல்லூரி மாணவி, செராஸ்*

'பில்லா' (2007) கண்ணாடிக் கட்டடம் காட்டியது. பத்துமலை முருகனுக்குச் சிலை எழும்பி ஓராண்டு கடந்த புதிதில் 'சேவற்கொடி' பாட்டை அங்கே எடுத்தார்கள், அதற்காக மன்னிக்கலாம். 'கபாலி' (2016) நம்மைப் பற்றிப் பேச வந்தது; எங்கள் தெருப் பையன்கள் கபாலி மாதிரிக் கோட்டு தைக்கச் சொல்லி என் தையல் கடைக்கே வந்தார்கள், நான் ரவிக்கைக்காரி என்று விரட்டிவிட்டேன். இங்கே காட்டிய படத்தில் கடைசியில் கபாலி போலீசில் சரணடைந்தார் என்று எழுத்துப் போட்டது நினைவிருக்கும்.

ஆனால் நம் வாழ்க்கையைச் சரியாகக் காட்டியது என்றால் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015). நம் ஆள் எடுத்த படம். 1990களில் தோட்டத்தை விட்டு வந்த குடும்பம், படிக்கச் சொல்லி அடிக்கிற அப்பா, சண்டியர் சித்தப்பா. அந்த அப்பா அடிக்கும்போது பையன் முகத்தைவிட அம்மா நிற்கிற மூலையைப் பாருங்கள். 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்று விருது வாங்கியது.

*புக்கிட் ஜாலிலுக்குப் போனீர்களா, விஜய் பட விழாவுக்கு?*
*— வாசகர், பூச்சோங்*

2025 டிசம்பர் 27 அன்று என் தங்கை மகள் போனாள். நான் வீட்டில் அவள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டேன்.

*உள்ளூர்த் தமிழ்ப் படங்களுக்குக் கூட்டமே வருவதில்லையே, தரம் இல்லையா?*
*— வாசகர், பட்டர்வொர்த்*

தரம் இல்லாததும் உண்டு, மறைக்க மாட்டேன். சென்னை வசனத்தை நம் வாயில் திணித்தால் எனக்கும் சிரிப்புத்தான் வரும். ஆனால் 2018இல் 'வெடிகுண்டு பசங்க'வுக்குக் குடும்பம் குடும்பமாக வந்தார்களே. நம் பேச்சு, நம் கிண்டல், பக்கத்து வீட்டு முகங்கள். வராததற்கு நம் பழக்கமும் காரணம்: "நல்லா இருந்தா அடுத்த வாரம் பார்க்கலாம்." பெரிய நடிகர் படத்துக்கு அடுத்த வாரம் இருக்கும். உள்ளூர்ப் படத்துக்கு முதல் சனி, ஞாயிறு சீட் காலியாகக் கிடந்தால் ஷோவை ராத்திரி 11 மணிக்குத் தள்ளிவிடுவார்கள், அப்புறம் எடுத்தே விடுவார்கள். பார்க்க வேண்டியவர்கள் முதல் மூன்று நாளுக்குள் போய்விடுங்கள். அடுத்த உள்ளூர்ப் படம் வருகிற சனிக்கிழமை என் கடை அரை நாள்தான். ரவிக்கை கொடுத்திருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் வந்து வாங்கிக்கொள்ளவும்.