பித்தளைக் கீல்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு வெல்டிங் பட்டறையில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். எனக்குத் தொழில் கற்றுத்தந்த அண்ணன், கொலை வழக்கில் சிறையில் இருந்தவர் என்று போன மாதம்தான் தெரிந்தது. அவர் திருந்திவிட்டாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலாளிக்குத் தெரியாது, சொல்லிவிடலாமா? வீட்டில் வேலையை விடச் சொல்கிறார்கள். சம்பளமும் குறைவுதான்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சம்பளத்தை முதலாளியிடம் பேசுங்கள். வீட்டாரின் பயம் நாலு நாளில் அடங்கிவிடும்.

‘திருந்திவிட்டாரா’ என்கிறீர்களே, அதுதான் எரிச்சலூட்டுகிறது. பற்றவைத்த இடம் விரிசல் விட்டதா என்று பாருங்கள். அது உங்கள் வேலை. மனிதரைத் தட்டிப் பார்க்க உங்களை யார் நியமித்தது? உங்கள் ஊர்ச் சிறையில்தான் வ.உ.சி. செக்கிழுத்தார். இன்று அங்கே தறி ஓடுகிறது. வேலூரில் கைதிகள் காலணி தைக்கிறார்கள். சிறைத்துறையின் பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தி, கைதி போடும் பெட்ரோலை வாங்கிக்கொண்டு போகிறோம். திருந்திவிட்டீர்களா என்று அவரைக் கேட்கிறோமா? அவரே வெளியே வந்து பக்கத்தில் நின்று வேலை செய்தால் மட்டும் நமக்குச் சான்றிதழ் தேவைப்படுகிறது.

என் அப்பாவின் தச்சுப் பட்டறையிலும் ஒருவர் இருந்தார். உள்ளே இருந்தபோது இழைப்புளி பிடிக்கக் கற்றவர். அவர் சீவினால் சுருள் வெங்காயத் தோல்போல வரும். டீ குடிக்கப் போகவும் வாசலில் நின்று அனுமதி கேட்பார். போகச் சொன்ன பிறகுதான் கால் நகரும். ஒருநாள் ஒரு ஜோடி பித்தளைக் கீலைக் காணவில்லை. யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சட்டையைக் கழற்றி உதறினார். பிறகு வேட்டி மடிப்பை அவிழ்த்துக் காட்டினார். மரத்தூள்தான் கொட்டியது. கீல், முந்தின நாள் ஏற்றிவிட்ட கதவோடு போயிருந்தது. அப்பா நல்லவர். ஆனால் ‘போடுய்யா சட்டையை’ என்று அவர் சொல்லவில்லை. குனிந்து அளவு எடுத்துக்கொண்டிருந்தார். பத்து வயதில் நானும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பாமீது எனக்கு இன்றும் தீராத கோபம் அது ஒன்றுதான்.

உங்கள் அண்ணனை நான் மகானாக்கவில்லை. ஓர் உயிர் போயிருக்கிறது. அந்த வீட்டார் அவரை மன்னிக்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் அந்த வீட்டார் இல்லையே.

முதலாளியிடம் சொல்லாதீர்கள். கடிதத்தில் அண்ணனுடைய பெயரையும் சொந்த ஊரையும் பட்டறை இருக்கும் தெருவையும் எழுதியிருந்தீர்கள். மூன்றையும் நீக்கிவிட்டுத்தான் வெளியிடுகிறேன்.