புள்ளிக்குப் பின்னால் ஒரு பூஜ்யம்

அன்புள்ள சார்,

வணக்கம். உங்களைப் பல வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. வயது 41. பதினேழு வருடமாகக் கணக்குத் தணிக்கை வேலை. சம்பளத்துக்குக் குறைவில்லை. ஆனால் ராப்பகலாக உட்கார்ந்து நான் தயாரிக்கும் அறிக்கையை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. என் வேலையால் யாருக்கு என்ன நன்மை என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அப்பா நோயில் படுத்திருந்தபோது மருந்துக்கடையில் நிறைய நேரம் நின்றிருக்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் இருந்தவர்களைப் பார்க்கப் பார்க்க, அர்த்தமுள்ள வேலை என்றால் இதுதான் என்று தோன்றிவிட்டது. பள்ளியில் அறிவியல் பிரிவுதான், வேதியியல் பிடித்த பாடம். வேலையை விட்டுவிட்டு ஃபார்மசி படிக்கலாமா? "எப்படியும் உனக்கு 46 வயது ஆகத்தான் போகிறது, பட்டத்தோடு ஆகட்டுமே" என்கிறாள் தோழி. "உன் இஷ்டம்" என்கிறார் கணவர், அதுதான் பயமாக இருக்கிறது. மகள் பள்ளியில் இப்போது மோல் கணக்கு படிக்கிறாள். நானும் அவளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து படித்தால் பார்ப்பவர்கள் சிரிக்க மாட்டார்களா? நீங்கள் மருந்து விவரத்தாள்களை மொழிபெயர்த்தவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

தோழி சொன்னது பாதி உண்மை. 46 எப்படியும் வரும். ஆனால் அது சில வருடச் சம்பளத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, இருபத்துநாலு வயதுக்காரர்களோடு அதே முதல் படியில் நிற்கும் 46. இந்தக் கணக்கை உங்களுக்கு நான் போட்டுக் காட்டுவது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும். படிப்புக் காலம் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் பி.ஃபார்ம் 4 ஆண்டு. பிரிட்டனில் 4 ஆண்டு எம்.ஃபார்ம், அப்புறம் ஓராண்டுப் பயிற்சியும் பதிவுத் தேர்வும். அமெரிக்காவில் கல்லூரி முன்படிப்பை முடித்தபின் ஃபார்ம்.டி, பெரும்பாலும் 4 ஆண்டு. எங்கே படிக்கிறீர்களோ அந்தப் பட்டத்தை நீங்கள் வேலை பார்க்கப்போகும் இடத்தில் ஏற்பார்களா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறொன்று. உங்கள் அறிக்கையை யாரும் முழுதாகப் படிப்பதில்லை என்கிறீர்களே, அது.

என் அம்மாவுக்கு முடக்குவாதம். மெதோட்ரெக்ஸேட் எழுதிக் கொடுத்திருந்தார்கள். சீட்டைக் கடையில் நீட்டிவிட்டு நின்றோம். பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே ஃபார்மசிஸ்ட் தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, எங்கள் சீட்டையே பார்த்தபடி காத்திருந்தார். வைத்தார். மறுபடி போட்டார். "ஸ்டாக் இல்லேன்னா இல்லேன்னு சொல்லித் தொலைக்கலாமே" என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். முக்கால் மணி நேரம் கழித்து மாத்திரையைக் கொடுத்தார். பெட்டியின்மேல் பேனாவால் ஒரு கிழமையை எழுதி, சுற்றி வட்டம் போட்டு, "வாரத்துல இந்த ஒரு நாள்தாம்மா. மத்த நாள் தொடவே கூடாது. எங்க, நீங்க ஒரு தடவை சொல்லுங்க" என்றார். சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோல் கேட்கிறாரே என்று அம்மாவுக்கு ஏகக் கோபம்.

வீட்டுக்கு வந்து சீட்டைப் பார்த்தேன். 'தினமும்' என்று இருந்தது. பக்கத்தில் வேறு கையெழுத்தில், 'மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்தது: வாரம் ஒருமுறை.'

அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை. சில வருடம் கழித்து அதே மருந்தின் விவரத்தாள் மொழிபெயர்ப்புக்காக என் மேஜைக்கு வந்தது. மூட்டு நோய்க்கு வாரம் ஒருமுறை எடுக்க வேண்டிய இந்த மருந்தைத் தவறுதலாக நாள்தோறும் சாப்பிட்டால், எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவது படுத்துவிடும், உயிரே போகலாம். அப்படிப் போன உயிர்கள் உண்டு, அதனால்தான் எச்சரிக்கையை அத்தனை அழுத்தமாகப் போடுகிறார்கள். அந்த வரியை மூன்று தடவை அடித்தடித்து எழுதினேன். அந்த ஃபார்மசிஸ்டின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவருக்கு அன்று எங்களிடம் கிடைத்தது அம்மாவின் முறைப்பு மட்டும்.

ஆக, உங்கள் குறை அந்தக் கவுண்டருக்குப் பின்னாலும் உங்களோடு வரும். நடக்காமல் போன விபத்தை யாரும் பார்ப்பதில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு, முந்நூறாவது பக்கத்தில் ஒரு தப்புப் பதிவு கண்ணில் படுகிறது. அப்போது உங்களுக்கு என்ன தோன்றும்? 'அகப்பட்டாயா' என்று ஒரு சின்ன சந்தோஷம் வருமென்றால், யாரும் கைதட்டாவிட்டாலும் அது போதுமென்றால், நீங்கள் அந்த ஜாதிதான். 'இத்தனை பாடுபட்டுக் கண்டுபிடித்தேன், ஒருத்தராவது கேட்டார்களா' என்று தோன்றினால், ஃபார்மசி உங்களை இன்னும் மோசமாகத்தான் சோர்வடைய வைக்கும்.

சொல்லப்போனால் நீங்கள் ஒன்றும் அந்நிய ஊருக்குப் போகவில்லை. 13ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் புனித ரோமப் பேரரசர் இரண்டாம் பிரடெரிக், மருத்துவர்கள் மருந்து விற்பவர்களோடு கூட்டு வைத்துக்கொள்ளக் கூடாதென்று சட்டம் போட்டார். கணக்கு எழுதுபவரே பணப்பெட்டிச் சாவியையும் வைத்திருக்கக் கூடாது என்பீர்களே, அதேதான். மருந்து உடம்பிலிருந்து வெளியேறும் கணக்கும் உங்களுக்குப் பழக்கமானதே. பெரும்பாலான மருந்துகளுக்கு அரை ஆயுள் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு அரை ஆயுளிலும் இருப்பதில் பாதி போகும்: 100, 50, 25, 12.5. ஐந்தாவதில் மூன்று சதவீதம் சொச்சம்தான் மிச்சம். தேய்மானத்தைக் குறைந்து செல் மதிப்பு முறையில் போட்ட கை இதற்குத் திணறாது.

ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் வாசலிலேயே விட்டுவிட வேண்டியிருக்கும். எந்தத் தொகைக்கும் புள்ளி வைத்து இரண்டு பூஜ்யம் போட்டுத்தானே உங்கள் கை பழகியிருக்கும்? மருந்துச்சீட்டில் 1 மில்லிகிராமை 1.0 என்று எழுதக் கூடாது. புள்ளி மங்கிப்போனால் அது 10 ஆகிவிடும். அரையை .5 என்றும் எழுதக் கூடாது, 5 என்று படித்துவிடுவார்கள். 0.5 என்றுதான் எழுத வேண்டும். பின்னால் பூஜ்யம் வேண்டாம், முன்னால் வேண்டும். பதினேழு வருடக் கைப்பழக்கத்துக்கு நேர் எதிர்.

அப்புறம், அந்தக் கவுண்டர். அப்பாவுக்காக நின்றபோது நீங்கள் பார்த்தது அந்த வேலையின் முகப்பைத்தான். உள்ளே நாள் முழுக்க நின்றபடி வேலை. மாத்திரை எண்ணும்போது கூப்பிடுவார்கள், சரிபார்க்கும்போது தொலைபேசி அடிக்கும், காலாவதியானதைப் பிரித்து வைக்க வேண்டும், காப்பீடு ஏன் ஏற்கவில்லை என்று ஒருவர் சத்தம் போடுவார், அவருக்கு நீங்கள்தான் காப்பீட்டு நிறுவனம். அந்த இரைச்சலுக்கு நடுவில் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடும் ஒருவருக்கு இன்னொரு மருத்துவர் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லியை எழுதியிருப்பதை, ரத்தக்கசிவு வரலாமே என்பதை, நீங்கள் கவனித்தாக வேண்டும். தணிக்கையில் தவறு நடந்து முடிந்திருக்கும். பக்கத்தில் அடையாளம் வைத்துவிட்டு நாளைக்குத் திரும்ப வரலாம். இங்கே தவறு இன்னும் நடக்கவில்லை, நடக்க இரண்டு நிமிடம் இருக்கிறது. எத்தனையோ கெட்டிக்காரர்கள் இந்த இடத்தில்தான் கசந்துபோகிறார்கள் என்பது என் எண்ணம். படிப்பைவிட நான் பயப்படுவது இதற்குத்தான்.

இரைச்சல் ஆகாது என்றால் வேறு மூலைகளும் உண்டு. மருத்துவமனை மருந்தகம், தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாடு, மருந்துகளின் பக்கவிளைவுக் கண்காணிப்பு. கடைசியாகச் சொன்னது, கர்ப்பிணிகள் சாப்பிட்ட தாலிடோமைடு என்ற மருந்தால் குழந்தைகள் ஊனத்தோடு பிறந்த துயரத்துக்குப் பிறகு வளர்ந்த துறை. உலக சுகாதார நிறுவனம் அதற்கென்று சர்வதேசத் திட்டத்தைத் தொடங்கியது 1968இல். எங்கெங்கோ இருந்து வரும் தகவல்களில் ஒன்று இடிக்கிறதே என்று மோப்பம் பிடிக்கும் வேலை. உங்களைப் போன்ற ஆளுக்கு அது கவுண்டரைவிடப் பொருந்தும் என்று படுகிறது.

சரி, என்ன செய்யலாம்? என் கருத்து, இப்போது ராஜினாமா வேண்டாம். ஆறு மாதம் மாலை நேரத்தில் கரிம வேதியியலும் உடலியங்கியலும் படியுங்கள். பள்ளியில் பிடித்த வேதியியல் இப்போதும் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். சட்டம் இடம் கொடுத்தால் விடுமுறை நாட்களில் ஒரு மருந்துக்கடையில் உதவியாளாக நில்லுங்கள், கூட்டம் அதிகமான நேரமாகப் பார்த்து. அதற்குப் பிறகும் ஆசை அப்படியே இருந்தால் கிளம்புங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். கணவரிடம் மட்டும் 'உன் இஷ்டம்' என்றால் என்னவென்று விவரமாகக் கேட்டு வாங்குங்கள். மாதாமாதம் எவ்வளவு பணம், வீட்டில் யாருக்கு எந்த வேலை என்று தாளில் எழுதி. நீங்கள் தணிக்கையாளர், வாய்மொழி ஒப்புதலை ஏற்கக் கூடாது.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். இன்று ராத்திரியே அவளோடு உட்காருங்கள். 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றில் எத்தனை பாராசிட்டமால் மூலக்கூறுகள் இருக்கும்? மூலக்கூறு எடை 151 என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனித் தாளில் போடுங்கள், எட்டிப் பார்க்கக் கூடாது. யாருக்கு முதலில் விடை வந்தது என்று எழுதுங்கள்.