அயர்லாந்தின் தேசியத் தலைவர்களில் தமிழில் அதிகம் பேசப்படாத, ஆனால் அவசியம் அறிந்திருக்க வேண்டிய ஒருவர் யார்?

அயர்லாந்து விடுதலைப் போராட்டம் என்றதும் நமக்கு டி வலேரா, மைக்கேல் காலின்ஸ், 1916ஆம் ஆண்டு ஈஸ்டர் எழுச்சி, சிறையில் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த டெரன்ஸ் மக்ஸ்வினி ஆகியோர் நினைவுக்கு வருகிறார்கள். இந்தக் கேள்விக்கு நான் சொல்ல விரும்பும் பெயர் அவர்களுக்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த மைக்கேல் டேவிட். வலது கையைச் சிறுவயதிலேயே இழந்த பஞ்சாலைத் தொழிலாளியான அவர், ஆயுதப் போராளியாகத் தொடங்கி, அயர்லாந்தின் குத்தகை விவசாயிகளை ஒரே அமைப்பாகத் திரட்டியவர். வீட்டைவிட்டுத் துரத்தப்படுபவர் எவராயினும் அவர் பக்கம் நிற்பது என்ற ஒரே நிலையில், துரத்துபவர் தம் கட்சியினராகவோ தம் சமயத்தவராகவோ இருந்தபோதும், அவர் உறுதியாக நின்றார். அவரை நான் மதிப்பதற்கு முதன்மையான காரணம் அதுவே.

டேவிட் 1846 மார்ச் மாதம், உருளைக்கிழங்குப் பஞ்சம் நாட்டை அழித்துக்கொண்டிருந்த நாட்களில், மேற்கு அயர்லாந்தின் மேயோ மாவட்டத்திலுள்ள ஸ்ட்ரெய்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். குத்தகை பாக்கி ஏறிப்போனதால் 1850இல் அக்குடும்பம் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. போக்கிடமில்லாமல் அவர்கள் ஸ்வின்ஃபோர்டு ஊரின் ஏழைகள் விடுதிக்குச் சென்றார்கள். மூன்று வயதைத் தாண்டிய ஆண் குழந்தைகள் தாயுடன் தங்கக்கூடாது என்பது அங்கிருந்த விதி. மகனைப் பிரிந்து அங்கே கஞ்சி குடிப்பதைவிடத் தெருவில் நிற்பது மேல் என்று தாய் கேத்தரின் மறுத்துவிட, குடும்பம் கடல் கடந்து இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள ஹாஸ்லிங்டன் என்னும் ஆலை நகரத்துக்குச் சென்று சேர்ந்தது. பிற்காலத்தில் நிலவுடைமையாளர்களுக்கு எதிராக அவர் பேசிய ஒவ்வொரு பேச்சிலும் இந்த வெளியேற்றத்தின் கோபம் இருந்தது.

ஒன்பது வயதில் பஞ்சாலை வேலைக்குப் போன சிறுவன், பதினொன்றாம் வயதில், 1857இல், இயந்திரத்தில் சிக்கி வலது கையை இழந்தான். இழப்பீடு எதுவும் கிடைக்கவில்லை. ஆலை வேலைக்கு இனி உதவமாட்டான் என்றான பின்பே, உள்ளூர் ஆலை முதலாளி ஒருவரின் உதவியால், அவனுக்குப் பள்ளிக்கூடம் வாய்த்தது. அது வெஸ்லியன் சபையினர் நடத்திய புராட்டஸ்டன்ட் பள்ளி. கத்தோலிக்கச் சிறுவன் அங்கே தன் சமயத்தை விடாமலேயே படித்தான். சமயம் மாறுபட்டவர்களிடமும் நேர்மையும் அன்பும் உண்டு என்பதை அந்த வயதிலேயே அறிந்தான். பின்னர் அஞ்சலகத்தோடு சேர்ந்த ஓர் அச்சகத்தில் வேலை செய்தபடி, நூலகத்தில் அயர்லாந்து வரலாற்றையும், வாக்குரிமை கேட்டுப் போராடிய ஆங்கிலத் தொழிலாளர்களின் சாசன இயக்கத்தைப் பற்றியும் படித்தார்.

1865இல் ஃபீனியன்கள் என்று அழைக்கப்பட்ட ஐரிஷ் குடியரசுச் சகோதரத்துவம் என்னும் இரகசியப் புரட்சி அமைப்பில் சேர்ந்தார். 1867இல் செஸ்டர் கோட்டையின் ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றுவதற்காகச் சென்று, திட்டம் காட்டிக்கொடுக்கப்பட்டதால் திரும்பியவர்களில் அவரும் ஒருவர். 1870 மே மாதம் லண்டனின் பாடிங்டன் ரயில் நிலையத்தில் ஆயுதங்களுக்காகக் காத்திருந்தபோது கைதாகி, பதினைந்து ஆண்டு கடுங்காவல் தண்டனை பெற்றார். டார்ட்மூர் சிறையில் ஒற்றைக் கையோடு கல் உடைத்தார்; வண்டியில் பூட்டப்பட்டு இழுத்தார்; அழுகி நாறும் எலும்புகளை இடித்துத் தூளாக்கும் கொட்டகையிலும் வேலை செய்தார். காற்றோட்டமில்லாத சிற்றறையில், கதவின் அடியிலுள்ள இடுக்கில் வாயை வைத்துத் தரையில் படுத்து மூச்சு வாங்கியதை அவரே பதிவு செய்திருக்கிறார். அந்த ஏழரை ஆண்டுகளில் அவருடைய சிந்தனை மாறியது. சிறு குழுவின் இரகசியச் சதி நாட்டை விடுவிக்காது, மக்கள் வெளிப்படையாகத் திரண்டால்தான் விடுவிக்கும் என்ற முடிவோடு 1877 டிசம்பரில் அவர் வெளியே வந்தார்.

அப்போது அயர்லாந்தின் நிலத்தில் பாதி சுமார் 750 குடும்பங்களுக்குச் சொந்தமாக இருந்தது. உழுதவர்களில் பெரும்பாலோர் குத்தகையாளர்கள். பலருக்கு எந்த ஆண்டும் வெளியேறச் சொல்லி அறிவிப்பு வரலாம். 1879இல் விளைச்சல் பொய்த்து, விலையும் வீழ்ந்தபோது மேயோவில் மறுபடியும் பஞ்ச பயம் பரவியது. அந்த ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் ஐரிஷ்டவுன் என்னும் சிற்றூரில் கூடிய கூட்டத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பல்லாயிரம் பேர் திரண்ட அந்தக் கூட்டத்தை உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் ஜேம்ஸ் டேலியும் டேவிட்டும் மற்றும் சிலரும் ஏற்பாடு செய்தார்கள். டேவிட் அன்று நேரில் செல்லவில்லை. மக்கள் கோபம் திரும்பியிருந்த பண்ணையை நிர்வகித்தவர் ஆங்கிலேயப் பிரபு இல்லை, கேனன் ஜெஃப்ரி பர்க் என்னும் கத்தோலிக்கக் குருவானவர். கத்தோலிக்கத் தேசியவாதிகள் கத்தோலிக்கக் குரு ஒருவரின் குத்தகைக் கொள்ளையைக் கண்டித்து மேடை போடுவது அதுவரை எண்ணிப்பார்க்க முடியாத துணிச்சல். கூட்டம் முடிந்த சில நாட்களில் அங்கே குத்தகை கால் பங்கு குறைக்கப்பட்டது. அடுத்து ஜூன் மாதம் வெஸ்ட்போர்ட்டில் நடக்கவிருந்த கூட்டத்தைக் கண்டித்துப் பேராயர் மக்ஹேலின் பெயரில் கடிதம் வெளியானபோதும் டேவிட் பின்வாங்கவில்லை. ஐரிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் சார்ல்ஸ் ஸ்டுவர்ட் பார்னெலும் பின்வாங்கவில்லை. தாமே நிலவுடைமையாளராகவும் புராட்டஸ்டன்ட்டாகவும் இருந்த பார்னெல் அந்த மேடையில் ஏறி, உங்கள் வீட்டையும் நிலத்தையும் இறுகப் பற்றிக்கொள்ளுங்கள் என்று விவசாயிகளிடம் சொன்னார்.

ஆகஸ்டில் மேயோ நிலக் கழகமும், அக்டோபர் 21ஆம் நாள் டப்ளினில் ஐரிஷ் தேசிய நிலக் கழகமும் தொடங்கின. பார்னெல் தலைவர், டேவிட் செயலாளர்களில் ஒருவர். வன்முறையில்லாத எதிர்ப்பு எவ்வளவு வலியது என்பதை 1880 இலையுதிர் காலத்தில் மேயோ உலகுக்குக் காட்டியது. எர்ன் பிரபுவின் மேலாளர் கேப்டன் பாய்காட், குத்தகையில் கால் பங்கு குறைப்புக் கேட்டவர்களுக்குப் பத்தில் ஒரு பங்குதான் தரமுடியும் என்று சொல்லி, வெளியேற்ற அறிவிப்போடு அமீனாவை அனுப்பினார். அதன்பின் அவர் வயலில் இறங்க ஆளில்லை; வீட்டு வேலைக்காரர்கள் விலகினார்கள்; துணி துவைப்பவரும் கொல்லரும் வரவில்லை; பாலின்ரோப் கடைக்காரர்கள் அவருக்குச் சாமான் கொடுக்கவில்லை. வடக்கிலிருந்து ஐம்பது தன்னார்வலர்கள் வந்து, சுமார் ஆயிரம் படையினரின் காவலில், ஏறத்தாழ 500 பவுன் மதிப்புள்ள விளைச்சலை அறுவடை செய்ய அரசுக்குப் பத்தாயிரம் பவுன் செலவாயிற்று. நவம்பர் முடிவதற்குள் பாய்காட் அந்த ஊரைவிட்டே போய்விட்டார்.

இதற்கு அரசின் மறுமொழி அடக்குமுறையாக வந்தது. 1881 பிப்ரவரியில், 1877இல் டேவிட்டுக்குக் கிடைத்திருந்த நிபந்தனை விடுதலை இரத்தாகி, அவர் போர்ட்லண்ட் சிறைக்கு அனுப்பப்பட்டார். தலைவர்கள் சிறைபடுவார்கள் என்பதை முன்கூட்டியே உணர்ந்து, பார்னெலின் சகோதரி அன்னாவின் தலைமையில் பெண்கள் நிலக் கழகம் அமைவதற்கு மற்ற தலைவர்கள் முகம் சுளித்தபோதும் துணை நின்றவர் டேவிட். இந்த ஒரு செயலுக்காகவே அவரைத் தனியே பாராட்டத் தோன்றுகிறது. போர்ட்லண்டில் சிறை ஆளுநர் அவருக்கு ஒரு கரும்பறவைக் குஞ்சைக் கொடுத்தார். அதற்கு ஜோ என்று பெயரிட்டு வளர்த்த டேவிட், பிறகு வெளியான தம் சிறைக் குறிப்புகளை அந்தப் பறவைக்கே காணிக்கையாக்கினார். 1882 மே 6ஆம் நாள் அவர் விடுதலையானார். அன்று மாலையே டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில், அயர்லாந்துக்கான புதிய தலைமைச் செயலர் கேவெண்டிஷ் பிரபுவும் துணைச் செயலர் பர்க்கும் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். பார்னெலும், நிலக் கழகத் தலைவர்களில் ஒருவரான டில்லனும், டேவிட்டும் கையெழுத்திட்டு உடனே வெளியிட்ட கண்டன அறிக்கையை எழுதியவர், ஒரு காலத்தில் ஆயுதம் கடத்திய அதே டேவிட்.

பின்வந்த ஆண்டுகளில் நிலத்தை நாட்டுடைமையாக்க வேண்டும் என்று அவர் வாதாடியதைப் பார்னெல் தலைமையிலான ஐரிஷ் நாடாளுமன்றக் கட்சி ஏற்கவில்லை. 1890இல் பார்னெலின் பெயர் இழுக்கப்பட்ட மணமுறிவு வழக்கு விவகாரத்தில், பார்னெல் கட்சித் தலைமையிலிருந்து விலகவேண்டும் என்று முதலில் வெளிப்படையாகக் கேட்டவர்களில் டேவிட் ஒருவர். பின்னர் நாடாளுமன்ற உறுப்பினரானார். தென்னாப்பிரிக்காவின் போயர் குடியரசுகள் மீது பிரிட்டன் தொடுத்த போரை எதிர்த்து 1899இல் அந்தப் பதவியைத் துறந்தார்.

1903இல், ரஷ்யப் பேரரசின் கிஷினெவ் நகரில் யூதர்கள் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது, அமெரிக்கப் பத்திரிகை ஒன்றின் சார்பில் அங்கே நேரில் சென்று, பாதிக்கப்பட்டவர்களைச் சந்தித்து அவர் எழுதினார். மறு ஆண்டே அதே வெறுப்பு அவருடைய சொந்த நாட்டில் தலைதூக்கியது. லிமெரிக் நகரில் ஜான் கிரே என்னும் கத்தோலிக்கத் துறவி, அங்கு வாழ்ந்த சிறு யூதச் சமூகத்தோடு வியாபாரம் செய்யாதீர்கள் என்று மறையுரையிலேயே மக்களைத் தூண்டிவிட்டார். பெரும் நிலவுடைமையாளருக்கு எதிராக மேயோவின் ஏழைகள் எடுத்த புறக்கணிப்பு என்னும் கருவி, இப்போது ஆதரவற்ற சிறுபான்மையினரின் பிழைப்பைக் கெடுக்கத் திருப்பப்பட்டது. டேவிட் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி அதைக் கடுமையாகக் கண்டித்தார். அயர்லாந்தில் திருச்சபையின் செல்வாக்கு எத்தகையது என்பதை அறிந்தவர்களுக்கு, ஒரு கத்தோலிக்க அரசியல்வாதிக்கு அது எவ்வளவு பெரிய இடர் என்பது புரியும். இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பும், பள்ளிக் கல்வியை யார் கட்டுப்படுத்துவது என்பது குறித்து லிமெரிக் ஆயர் ஓட்வயருடன் அவர் பொதுவெளியில் வாதிட்டார்.

பல் பிடுங்கியதில் இரத்தத்தில் நச்சு பரவி, 1906 மே 30ஆம் நாள் டப்ளினில் தம் அறுபதாம் வயதில் அவர் காலமானார். ஊர்வலம் எதுவும் கூடாது என்று உயிலில் எழுதியிருந்தும், கிளாரண்டன் தெருவிலுள்ள கார்மேல் சபைக் கோவிலில் ஆயிரக்கணக்கானோர் அஞ்சலி செலுத்தினார்கள். 1878இல் சிறையிலிருந்து விடுதலையான சில நாட்களில் இறந்த ஃபீனியன் தோழர் சார்ல்ஸ் மக்கார்த்தியின் உடலை மற்றக் கோவில்கள் ஏற்க மறுத்தபோது ஏற்றுக்கொண்ட கோவில் அது.

டேவிட்டின் அரசியல் தோற்றுவிட்டது என்று கூறுவோர் உண்டு. நில நாட்டுடைமை நடக்கவில்லை. 1903ஆம் ஆண்டின் விண்டம் சட்டம் குத்தகையாளர்கள் நிலத்தை வாங்கிக்கொள்ள வழிசெய்தபோது, நிலவுடைமையாளர்களுக்கு அளவுக்கு மீறிய விலை தரப்படுகிறது என்று அவர் எதிர்த்தார். அவரது கட்சியின் பெரும்பகுதி சட்டத்தை வரவேற்றது. குத்தகையாளர்கள் உடைமையாளர்களானார்கள் என்பது பெரிய மாற்றமே, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நிலமே இல்லாத கூலித் தொழிலாளர்களுக்கு அந்தச் சட்டம் எதையும் பெரிதாகத் தந்துவிடவில்லை. மேற்கின் பரந்த புல்வெளிகள் பெரிய மேய்ச்சல் பண்ணைக்காரர்களிடமே தங்கியதால், அங்கே நிலத்துக்கான கிளர்ச்சி டேவிட் இறந்த பிறகும் தொடர்ந்தது. அந்தக் கேள்வியில் அவருடைய கணிப்பே சரி என்பது என் கருத்து.