கட்டியைத்தான் எடுத்தாச்சே, மறுபடி எதற்கு சோதனை?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. மலத்தில் ரத்தம் போகிறதென்று கொலோனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் சோதனை) பார்த்ததில், பெருங்குடலின் வலது பக்கம் 3 செ.மீ. அளவில் தட்டையாக ஒரு கட்டி. வயிற்றைக் கிழிக்காமல் குழாய் வழியாகவே துண்டு துண்டாக எடுத்துவிட்டார்கள். பயாப்ஸியில் புற்றுநோய் இல்லை. ஆனாலும் 6 மாதத்தில் திரும்ப வரச் சொல்கிறார்கள். சோதனைக்கு முன் குடலைச் சுத்தம் செய்யக் குடிக்கும் அந்தப் பேதி மருந்தை நினைத்தாலே குமட்டுகிறது, வரமாட்டேன் என்கிறார் அப்பா. தள்ளிப்போடலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேண்டாம் அம்மா, தள்ளிப்போடாதீர்கள். ‘துண்டு துண்டாக’ என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது.

குடல் சுவர் சில மில்லிமீட்டர் கனம்தான், வலது பக்கம் இன்னும் மெல்லிசு. அதனால் கட்டிக்கு அடியில் ஊசியால் திரவத்தைச் செலுத்தி, பூரி உப்புவது போல மேலே எழுப்பி, சுருக்குக் கம்பியை மாட்டி மின்சாரத்தால் அறுப்பார்கள். (உப்பாமல் அடியோடு ஒட்டிக்கொண்டு நின்றால், புற்று ஆழமாக இறங்கியிருக்குமோ என்று அங்கேயே யோசிப்பார்கள்.) 2 செ.மீ.க்கு மேல் போனால் ஒரே சுருக்கில் அடங்காது, இரண்டு மூன்று முறை அறுக்க வேண்டிவரும். அப்போது ஓரத்திலோ இரண்டு வெட்டுக்கு நடுவிலோ கண்ணுக்குத் தெரியாத மிச்சம் தங்கிவிடலாம். இப்படி எடுத்த பெரிய கட்டிகளில் 100 பேரில் ஏறக்குறைய 15 முதல் 20 பேருக்கு அதே இடத்தில் மறுபடி முளைக்கிறது.

6 மாதத்தில் பார்த்தால் அது பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும், அன்றைக்கே குழாய் வழியாக எடுத்துவிடலாம். இரண்டு வருடம் விட்டால் வளர்ந்து, தழும்போடு ஒட்டி, உப்ப வைக்கவே முடியாமல் கடைசியில் ஆபரேஷன்வரை போகலாம்.

முழுசாகவே எடுத்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். ஜப்பானியர் வளர்த்தெடுத்த இ.எஸ்.டி. முறையில் சின்னக் கத்தியால் சுற்றிக் கீறி ஒரே துண்டாக உரித்தெடுக்கலாம், மறுபடி முளைப்பதும் மிகக் குறைவு. ஆனால் நேரம் நிறைய ஆகும், குடலில் ஓட்டை விழும் அபாயமும் கூடுதல், நல்ல கைப்பழக்கம் உள்ள டாக்டர் வேண்டும். புற்று சந்தேகம் இல்லாத கட்டிக்கு அப்பாவுக்குச் செய்ததே போதும், குறை சொல்ல மாட்டேன்.

சரி, பேதி மருந்து. பாதியை முதல் நாள் ராத்திரி, மீதியை மறுநாள் விடியற்காலை என்று பிரித்துக் குடிக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஃபிரிட்ஜில் வைத்துக் குடித்தால் குமட்டல் குறையும். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கீரை, விதையுள்ள காய், கொய்யா கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இந்த முறை சுத்தமாக இருந்தால் அடுத்தது ஒரு வருடம் கழித்துத்தான். அப்புறம், அப்பாவுக்கு இவ்வளவு பெரிய கட்டி இருந்ததால் நீங்களும் உடன்பிறந்தவர்களும் 40 வயதில் ஒருமுறை கொலோனோஸ்கோப்பி செய்துகொள்ளுங்கள், தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும்.