வேலையை "இதற்கென்றே பிறந்தேன்" என்று செய்பவர்கள் உண்மையிலேயே நிம்மதியாக இருக்கிறார்களா?

பெரும்பாலும் ஆம். 1997-இல் வெளிவந்த ஆய்வுக்காக, ஆய்வாளர் ஏமி ரெஸ்னெஸ்கி குழுவினர் அமெரிக்காவில் 196 பேரிடம் வேலையை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டார்கள். சம்பளத்துக்கான பிழைப்பு, மேலே ஏறும் படி, இதற்கென்றே பிறந்த ஈடுபாடு என ஏறக்குறைய மூன்று சம பங்காகப் பிரிந்தார்கள். மூன்றாம் வகையினருக்கு வேலையிலும் வாழ்க்கையிலும் திருப்தி அதிகம், லீவு குறைவு. ஒரே மாதிரி அலுவலக வேலை பார்த்த 24 உதவியாளர்களும் இப்படித்தான் மூன்றாகப் பிரிந்தார்கள். ஆகவே இது டாக்டருக்கும் டீச்சருக்கும் மட்டும் உரியதில்லை. (ஈடுபாட்டால் திருப்தியா, திருப்தியான ஆளுக்கு எந்த வேலையும் பிடித்துப்போகிறதா என்பதை ஒருமுறை நிரப்பும் கேள்வித்தாள் சொல்லாது.)

சிக்கல் எங்கே என்று பார்க்க உயிரியல் பூங்காவுக்குப் போக வேண்டும். 2009-இல் வெளிவந்த பண்டர்சன், தாம்ப்சன் ஆய்வு, அமெரிக்கா, கனடாவில் 157 பூங்காக்களின் 982 காப்பாளர்களைப் பற்றியது. சாணி அள்ளுவது, கூண்டு கழுவுவது, தீனி நறுக்குவதுதான் அன்றாடம். சம்பளம் சொற்பம், ஆனால் பெரும்பாலோர் பட்டதாரிகள். ஈடுபாடு கூடக் கூட, வேலைக்கு அர்த்தம் கூடியது. கூடவே பணத்தையும் நேரத்தையும் உடம்பையும் விட்டுக்கொடுப்பதும் கூடியது. நிர்வாகம் விலங்குகளைக் கவனிக்கிறதா என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பதும் கூடியது. குட்டி சீக்காகக் கிடக்கும்போது ஷிஃப்ட் முடிந்தது என்று கிளம்ப யாருக்கு மனசு வரும்? மேலதிகாரிக்கும் அது தெரியும். ஓவர்டைம் பணம் காணாமல் போவது அங்கேதான்.

இதைவிடக் கஷ்டம், மனசு ஒரு வேலையிலும் உடம்பு இன்னொரு வேலையிலும் இருப்பது. அப்படி நிறைவேறாத ஈடுபாடு உள்ளவர்கள், ஈடுபாடே இல்லாதவர்களைவிட நலம் குன்றியிருந்ததை 2015-இல் கஸிக்கா, ஸ்பெக்டர் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால் "உன் ஆர்வத்தைத் தேடு" என்று கண்டவருக்கெல்லாம் உபதேசம் செய்வது எனக்கு உடன்பாடில்லை. ஆறு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவதில் ஒரு குறையும் இல்லை.

ஈடுபாடு உள்ளவர்கள் நான்கு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: வந்த நேரம், கிளம்பிய நேரம், காசு வராத மணி, தூங்கிய மணி. மூன்றாவது ஏறி நான்காவது இறங்கினால், காசு வராத ஒவ்வொரு வேலைக்கும் எதிரே "நான் வராவிட்டால் இதை யார் செய்வார்?" என்று எழுதிப் பாருங்கள். "யாருமில்லை" என்று வந்தால் அங்கே ஆள் பற்றாக்குறை, அதை உங்கள் ஈடுபாடு மூடி மறைக்கிறது. எந்த வேலை, வாரத்துக்கு எத்தனை மணி, மாற்று ஆள் யார் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் "அவருக்கு அது பிடிக்கும், செய்வார்" என்றே போகும்.

ஈடுபாடு இல்லாதவர்கள் வேலையை விட வேண்டியதில்லை; கொஞ்சம் வளைக்கலாம். ரெஸ்னெஸ்கி ஆராய்ந்த மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களில் ஒருவர், நினைவின்றிக் கிடக்கும் நோயாளிகளின் அறைகளில் சுவர்ப் படங்களை அவ்வப்போது மாற்றி மாட்டுவாராம். அந்த அளவே போதும், வாரத்துக்கு ஒரு மணி. புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது பழையதில் ஒன்றைக் கழியுங்கள். இல்லாவிட்டால் இரண்டே மாதத்தில் அதுவும் உங்கள் கடமைப் பட்டியலில் ஏறிவிடும்.